நரிக்குடிச் சீமையில் குழந்தையின் உயரம்

விருதுநகர் மாவட்டத்து நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்துப் பள்ளிகளில், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, முன்பெல்லாம் ஒரு குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஆசிரியரின் மேசையருகே ஒரு சோதனை நடக்கும். குழந்தை வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் நுனி காதில் பட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும். படாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் தலையைச் சாய்த்துக் காதைக் கையருகே கொண்டுபோகப் பார்க்கும். ஆசிரியர் தாடையைப் பிடித்துத் தலையை நிமிர்த்துவார். அளவு நாடா இல்லை, எண் இல்லை, எழுதி வைப்பதும் இல்லை. ஆனாலும் அது ஒரு வளர்ச்சி அளவைதான். அந்த வட்டாரத்துப் பெரும்பாலான பிள்ளைகளின் உடல் முதன்முதலாக அளக்கப்பட்டது அந்த மேசையருகேதான்.

அந்தச் சோதனைக்கு உடற்கூறு சார்ந்த அடிப்படை உண்டு. பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்கு. மூளையும் மண்டையோடும் முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி வளர்ந்து முடிந்துவிடுகின்றன. கையும் காலும் அதற்குப் பிறகும் நீண்டுகொண்டே போகின்றன. எனவே வளர்ந்து முடிந்த தலையைக் கை சுற்றி வந்து மறுகாதை எட்டும் பருவம், பள்ளிக்குப் போகும் பருவத்தோடு ஓரளவு ஒத்துப்போனது.

ஓரளவுதான். வயிறார உண்டு வளர்ந்த பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே காது எட்டிவிடும். பசியிலும் பேதியிலும் வளர்த்தி குன்றிய பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்தும் எட்டாது. முன்னது வகுப்பறைக்குள் போயிற்று, பின்னது ஆடு மேய்க்கத் திரும்பியது. உடல் வளர்ச்சியை அளந்துவிட்டு அதற்கு வயது என்று பெயர் வைத்தது அந்தச் சோதனை. யாருடைய வளர்ச்சி தடைப்பட்டிருந்ததோ, அந்தப் பிள்ளையைத்தான் அது தண்டித்தது. ஆசிரியரைக் குறைசொல்வதற்கில்லை. அவர் கையில் வேறு சான்று இருக்கவில்லை.

பிள்ளைகள் வீட்டில் பிறந்தன. பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. பெருமழை பெய்து கண்மாய் உடைந்த வருஷம், அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின வாரம், மூத்தவன் நடக்கத் தொடங்கிய சமயம் என்று தாய்மார் நினைவில் வைத்திருந்தார்கள். பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக்கியது 1969இல்தான்; அது கிராமத்து வீடுகள் வரை வந்து சேர மேலும் காலம் பிடித்தது. அதுவரை சேர்க்கை நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளைப் பின்னுக்குத் தள்ளி ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவது வழக்கம். அந்தத் தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் 'பிறந்தவர்கள்' இத்தனை பேர் இருப்பதற்கு இதுவே காரணம்.

உடலைப் பார்த்து வயதைச் சொல்லும் வழக்கம் கரிசல் காட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை வயதுவாரியாக வரையறுத்தபோது, அங்கும் பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லை. மருத்துவர்கள் பிள்ளைகளை நிற்கவைத்து உயரத்தைப் பார்த்து வயது எழுதினார்கள். உயரத்தைவிடப் பல் நம்பகமான சான்று என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் 1837இல் வாதிட்டார். ஆலைப் பிள்ளைகளின் உயரம் பற்றிய எண்கள் இந்தத் தேவையை ஒட்டித்தான் பெருமளவில் திரட்டப்பட்டன. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஏழு வயது ஆகிவிட்டதா என்பதை இங்கும் உடலைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. இதே மாவட்டத்துச் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்த காலத்தில், பிள்ளையின் வயது என்ன என்ற கேள்வி எத்தனை வீடுகளின் வாழ்வைத் தொட்டது என்பது அந்தப் பகுதியினர் அறிந்த கதை.

பெரியவர்களின் உயரத்தை அரசு அளந்ததும் பெரும்பாலும் தன் தேவைக்காகவே. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகச் சென்று ஆண்களின் உயரத்தையும் தலையையும் மூக்கையும் அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், ராமநாதபுரச் சீமை மறவர் உட்பட நூற்றுக்கணக்கான சாதிகள் பற்றிய குறிப்புகள் உண்டு. மனிதர்களை இனவாரியாகப் பிரிப்பதே அதன் நோக்கம். அவர்கள் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்பது அந்த அளவைகளின் கேள்வியாக இருக்கவில்லை. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்குக் கப்பல் ஏறிய ஒப்பந்தக் கூலிகளின் அனுமதிச் சீட்டிலும் உயரம் எழுதப்பட்டது. ஆளை அடையாளம் காட்டுவதற்கான குறிப்பு அது. லான்ஸ் பிரென்னன், ஜான் மெக்டொனால்ட், ரால்ஃப் ஷ்லோமோவிட்ஸ் ஆகிய மூவரும் பல பத்தாண்டுகள் கழித்து அந்தச் சீட்டுகளைத் தொகுத்து, கப்பலேறியவர்களின் குழந்தைப் பருவம் எப்படிக் கழிந்திருக்கும் என்று கணிக்க முயன்றார்கள். ஒருவரின் முதிர்ந்த உயரத்தில் அவர் சிறுவயதில் பட்ட பசியும் நோயும் பதிந்திருக்கும் என்பதே அந்த ஆராய்ச்சியின் அடிப்படை.

அப்படிப் பார்த்தால் நரிக்குடிப் பக்கத்து உடல்களில் பதிந்திருக்க நிறையவே உண்டு. கிருதுமால் நதியும் குண்டாறும் வந்தாலும் இது கண்மாயை நம்பிய நாடு. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் நிறையாது. நிறையாவிட்டால் நெல் இல்லை. மானாவாரியில் விளையும் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் வயிற்றுக்கு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் இந்தச் சீமையையும் விடவில்லை. பின்னாளில் சீமைக் கருவேலம் தரிசு நிலங்களை மூடியது. வேளாண்மை கைவிட்ட வீடுகளுக்குக் கரிமூட்டம் கஞ்சி வார்த்தது.

பிள்ளைகளின் உயரத்தை, அவர்களுக்குக் கிடைக்கும் உணவோடு சேர்த்து அளக்கும் வேலை தமிழகத்தில் குன்னூரில் தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் அங்கே உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில், இந்தியாவின் பல பகுதிகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் சராசரியாக 235 கிராம் வந்தன. தீட்டிய அரிசியை மட்டுமே பெரிதும் நம்பிய சென்னை உணவு தின்றவை 155 கிராமில் நின்றன. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு, எலிகளிலிருந்து பிள்ளைகளுக்கு வந்தார். விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால்பொடியும் கொடுத்து, அவர்களின் உயரத்தையும் எடையையும் மற்றவர்களோடு ஒப்பிட்டார். பி. ஜி. கிருஷ்ணனுடன் சேர்ந்து 1937இல் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது: பால் குடித்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே கூடுதலாக வளர்ந்தார்கள். தென்னிந்தியப் பிள்ளைகள் குட்டையாக இருப்பது பிறவி அமைப்பு என்ற எண்ணத்தை அசைத்துப் பார்த்த முதல் சான்றுகளில் இது ஒன்று. காது தொடும் சோதனையில் தோற்ற பிள்ளைக்குச் சார்பாக அறிவியல் பேசத் தொடங்கியது இங்கேதான் எனலாம்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் உயரம் அளந்த பலகை கிராமத்துக்கு வரவில்லை. சோறு முதலில் வந்தது. விருதுநகரில் பிறந்த காமராசரின் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவும் பிள்ளைகளின் தட்டை நிறைத்தன. அந்தச் சோறு உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று ஒவ்வொரு பிள்ளையாக அளந்து பார்க்கும் பழக்கம், நரிக்குடி போன்ற இடங்களுக்கு வேறொரு வழியாக வந்தது.

அது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, உணவு மிகக் குறைவாகக் கிடைத்த ஆறு மாவட்டங்களுக்கு விரிந்தது. அவற்றில் ராமநாதபுரமும் ஒன்று. நரிக்குடி அன்று அந்த மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. திட்டத்தின் மையம் ஒரு தராசு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை எடை போட வேண்டும். அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறினால் சரி. ஏறாமல் படுத்தாலோ இறங்கினாலோ அந்தக் குழந்தைக்கு 90 நாள் துணையுணவு. எல்லாப் பிள்ளைக்கும் எப்போதும் சோறு என்ற முறையிலிருந்து இது வேறுபட்டது: தேவைப்படும் பிள்ளைக்கு, தேவைப்படும்போது, தேறும் வரை. சமூக ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதமும் குறிப்பிடத்தக்கது. அதே ஊர்க்காரராக, ஏழை வீட்டவராக, ஆனாலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவராக இருப்பவருக்கு முன்னுரிமை தரப்பட்டது. கைச்செலவு இல்லாமலே பிள்ளையைத் தேற்ற முடியும் என்று ஊருக்குச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் கிடையாது.

ஊரில் தயக்கமும் இருந்தது. பிள்ளையின் எடையை நாலு பேர் முன்னால் சொன்னால் கண்பட்டுவிடும் என்று திருஷ்டிப் பொட்டு வைத்துத் தூக்கி வந்தார்கள். படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளராது, தாண்டியவர் திரும்பத் தாண்ட வேண்டும் என்பது இன்றும் வீடுகளில் உள்ள நம்பிக்கை. பிள்ளையின் வளர்ச்சி எத்தனை எளிதில் நின்றுபோகக்கூடும் என்ற அச்சம் அந்த நம்பிக்கைக்குள் இருக்கிறது. அது ஆதாரமில்லாத அச்சமாக இருக்கவில்லை.

எடையை மட்டும் அளந்து உயரத்தை விட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. எடை உடனே மாறும்: ஒரு வாரப் பேதியில் அரைக் கிலோ போய்விடும், பத்து நாள் கவனிப்பில் திரும்ப வரும். உயரம் அப்படியில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் உள்ள குழந்தை முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டரும் இரண்டாம் ஆண்டில் 12 சென்டிமீட்டர் அளவும் வளர்கிறது. மூன்று, நான்கு வயதில் ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர்தான். மாதக் கணக்கில் அது அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். சுவரில் ஒட்டிய தாள் நாடாவில், கோணலான தரையில், துள்ளும் பிள்ளையை நிறுத்தி அளந்தால் ஒரு சென்டிமீட்டர் பிசகு சாதாரணமாக வரும். கிட்டத்தட்ட இரண்டு மாத வளர்ச்சி அந்தப் பிசகுக்குள் மறைந்துபோகும். துல்லியம் இல்லாத உயர அளவை எதையும் சொல்லாது. சில நேரம் பொய்யும் சொல்லும்.

துல்லியத்துக்கு நல்ல பலகை வேண்டும். பிரான்சில் மோன்பெயார் பிரபு தன் மகனை 1759 முதல் 1777 வரை ஆண்டுக்கு இருமுறை அளந்து குறித்த எண்களே ஒரு தனிக் குழந்தையைப் பற்றிய முதல் நீண்ட வளர்ச்சிப் பதிவு. ஒரு பிரபுவின் வீட்டில் அது முடிந்தது. லண்டனில் ஜேம்ஸ் டானரும் ரெஜினால்ட் வைட்ஹவுஸும் சேர்ந்து, தலைப்பலகை வழுக்கி இறங்கி மில்லிமீட்டர் காட்டும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் உருவாக்கினார்கள். இந்தியாவில் பலகைப் பஞ்சம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் எடை எடுக்கப்பட்டது, உயரம் எடுக்கப்படவில்லை. ஆய்வு தொடங்கிய நேரத்தில் உயரம் அளக்கும் பலகைகள் வந்துசேரவில்லை. எனவே அந்த ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கட்டம் தமிழ்நாட்டுக்கு வெறுமையாகவே நிற்கிறது. 1998-99இல் நடந்த அடுத்த ஆய்வில்தான் அது நிரம்பியது.

எதோடு ஒப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். வசதியான அமெரிக்கப் பிள்ளைகளின் அளவைக் கொண்டு நரிக்குடிப் பிள்ளையைக் குறைசொல்வது நியாயமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளரும் குழந்தைகளை அளந்தது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டில்லியைச் சேர்ந்தவர்கள். ஐந்து வயது வரை ஆறு நாட்டுப் பிள்ளைகளின் உயரமும் ஏறத்தாழ ஒரே சீராக இருந்தது. வேண்டியது கிடைத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் ஒரே அளவில்தான் வளர்கிறது. குன்னூரில் 1937இல் பால்பொடி சொன்னதை இது உலக அளவில் உறுதிசெய்தது. 2006இல் வெளிவந்த அந்த அளவுகோலை இந்தியா 2008இல் அங்கன்வாடிகளுக்கு ஏற்றது. அதன்படி இரண்டு வயது ஆண் குழந்தையின் நடு உயரம் 87.1 சென்டிமீட்டர், 81.0க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. பெண் குழந்தைக்கு அந்த எண்கள் 85.7, 79.3. ஐந்து வயதில் ஆண் குழந்தைக்கு நடு உயரம் 110.0, எல்லை 100.7.

இந்தக் கணக்கில் வயது பிசகினால் எல்லாம் பிசகும். நான்கு மாதம் கூட்டிச் சொன்னால் எல்லையைச் சற்றே தாண்டி நிற்கும் பிள்ளை குன்றியதாகிவிடும். குறைத்துச் சொன்னால் குன்றிய பிள்ளை தப்பிவிடும். அதனால் பிறப்புச் சான்றிதழ் வீடுதோறும் வந்த பிறகே உயர அளவை பொருள் பெற்றது. முன்பு உடலைப் பார்த்து வயதை ஊகித்தார்கள். இப்போது வயது உறுதியாகத் தெரிகிறது, உடல் அதற்கு ஈடுகொடுத்திருக்கிறதா என்று கேட்க முடிகிறது. பள்ளி மேசையருகே தலைகீழாக நின்ற கேள்வி நேராகத் திரும்பியது.

அளக்கும் முறையும் கைவேலைதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை நிற்கவைத்து அளக்கக் கூடாது. நீளப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, குழந்தையின் உச்சி நிலைப்பலகையைத் தொடும்படி இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நீட்டி, நகரும் பலகையை உள்ளங்காலில் ஒட்டிவைத்து எண்ணைப் படிப்பார். குழந்தை அழும், உதைக்கும். தாய் அதன் முகத்துக்கு நேரே குனிந்து பேச்சுக் கொடுத்தால் ஒரு நொடி அசையாமல் கிடக்கும். அந்த நொடியில் அளந்துவிட வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் நிற்கவைக்கலாம். படுத்தால் நீளம் 0.7 சென்டிமீட்டர் கூடும் என்பதால், ஒரு முறையில் அளந்ததை மற்றதாக எழுதினால் அந்த அளவைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்ய வேண்டும்.

நிற்கவைக்கும்போது செருப்பு கழற்ற வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு உச்சியில் கட்டிய கொண்டையையும், மடித்துக் கட்டிய சடையின் ரிப்பனையும் அவிழ்க்க வேண்டும். காலையில் பாடுபட்டுப் பின்னிவிட்ட தாய்க்கு இது பிடிக்காது, ஆனால் கொண்டை ஒன்றே இரண்டு சென்டிமீட்டர் கூட்டிவிடும். குதிகால், கெண்டைக்கால், இடுப்பின் பின்புறம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையில் பட வேண்டும். முகவாயைப் பிடித்து, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வரும்படி தலையை நிறுத்த வேண்டும். அண்ணாந்தால் குறையும், குனிந்தாலும் குறையும். பிறகு தலைப்பலகையை முடி அழுந்தும்படி இறக்கி, அளப்பவர் தன் கண்ணை அந்த எண்ணின் மட்டத்துக்குத் தாழ்த்திப் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் எண் மாறும். மாலையில் முதுகெலும்பின் வட்டுகள் சற்று அமுங்குவதால் காலையில் அளந்ததைவிடக் குறையும். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரே வேளையில் அளப்பது நல்லது. இருமுறை அளந்து ஒத்துப்பார்ப்பது இன்னும் நல்லது. அங்கன்வாடிப் பணியாளருக்குச் சமையல், கணக்கு, முன்பருவக் கல்வி என்று வேலை குவிந்திருக்கையில், கையை முதலில் விட்டுப் போவது இந்த இரண்டாவது அளவைதான்.

2018இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. வயதுக்கேற்ற உயரம் அவற்றின் ஊட்டச்சத்துக் குறியீடுகளில் ஒன்று. அதே ஆண்டு மார்ச் 8ஆம் தேதி தொடங்கிய போஷண் அபியான் என்ற ஊட்டச்சத்து இயக்கத்தில் அங்கன்வாடிகளுக்கு நீளப் பலகை, உயரமானி, எடைக் கருவிகள், கைபேசி ஆகியவற்றைக் கொடுப்பது சேர்க்கப்பட்டது. 2021 முதல் எண்கள் கைபேசிச் செயலியில் ஏறுகின்றன. பணியாளர் கோடு இழுக்க வேண்டியதில்லை, செயலியே கணக்கிட்டுக் காட்டிவிடும். வசதிதான். ஆனால் இறங்கும் கோட்டைத் தாய் தன் கண்ணால் அட்டையில் பார்த்த காலத்தின் பயன் இதில் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்துக்காக, மாநிலம் முழுவதும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடையும் உயரமும் எடுக்கப்பட்டு, உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள் தனியே பிரிக்கப்பட்டார்கள். 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 27.1 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 2019-21இல் அது 25.0. நாட்டின் சராசரி 38.4இலிருந்து 35.5ஆக இறங்கியது. அப்போதும் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பிள்ளை.

முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த உயரத்தில் பெரும்பகுதி பின்னர் திரும்புவது அரிது. அதனால் உயரப் பலகையில் தெரியும் குறை, கருவிலிருந்தே சேர்ந்த குறையாகவும் இருக்கலாம். குட்டையான தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கருவுற்ற பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியும்போது அவருடைய உயரமும் எழுதப்படுகிறது. வீட்டில் அடிக்கணக்கில் பேசப்படும் அந்த உயரம் பதிவேட்டில் சென்டிமீட்டரில் ஏறுகிறது. இன்று அதே ஊர் அங்கன்வாடியில் ரிப்பனை அவிழ்த்துவிட்டுப் பலகையில் நிற்கும் பெண் பிள்ளைகளும் நாளை அந்த வரிசையில் வந்து நிற்பார்கள்.